போனைப் பிடுங்காமல் இணையப் பாதுகாப்பு கற்றுக்கொடுப்பது எப்படி? செட்டிநாட்டுப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று யாரோ சொல்லிவைக்க, "பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு பத்தி ரெண்டு பீரியடு எடுத்துருங்க" என்று தலைமையாசிரியர் அந்த வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார். அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரெண்டு பீரியடில் முடியாது என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். அரையாண்டுக்குள் ஐந்தாறு பீரியடாவது, விட்டு விட்டு, வேண்டும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். "தெரியாதவர்களிடம் பேசாதே, ஓடிபி சொல்லாதே, போட்டோ போடாதே" என்று கரும்பலகையில் பட்டியல் எழுதினால் பிள்ளைகள் அழகாகத் தலையாட்டுவார்கள். அந்தப் பட்டியல் அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். தெரிந்திருந்தும் மாட்டுகிறார்கள், மாட்டிய பிறகு வாயைத் திறப்பதில்லை. காரணத்தைக் கேட்டால் எந்த வகுப்பிலும் ஒரே பதில்: "போனப் புடுங்கிருவாங்க சார்." மிரட்டுகிற ஆளுக்கும் இது நன்றாகத் தெரியும். அவன் பிழைப்பே பிள்ளையின் அந்தப் பயத்தில்தான் ஓடுகிறது. அதனால் இந்தப் பாடத்தில் உங்களுடைய முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச் சொல்ல ஒரு ஆள் இருக்கும்படி செய்வது. செட்டிங்ஸ், சட்டம் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

முதல் படி: போன் யாருடையது என்று கேளுங்கள்

முதல் பீரியடில் பாடம் வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். உன் கையில் வரும் போன் யாருடையது? அதில் நீ எதையெல்லாம் திறப்பாய்? தெரியாத ஆள் யாராவது மெசேஜ் அனுப்பியிருக்கிறாரா? சங்கடமாக ஏதாவது வந்தால் யாரிடம் சொல்வாய்? கடைசிக் கேள்விக்கு எத்தனை தாள் காலியாக வருகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். மற்ற பாடங்களை எங்கே அழுத்த வேண்டும் என்று அந்த எண்ணிக்கையே காட்டிவிடும். கையெழுத்தை வைத்து யாருடையது என்று தேடக் கூடாது. ஒருமுறை தேடினீர்கள் என்று தெரிந்தால் போதும், அந்த வகுப்பு உங்களிடம் இனி எதுவும் சொல்லாது.

இந்தப் பக்கத்துப் பதில்களில் ஒரு தனி அமைப்பு இருக்கும். பல பிள்ளைகளிடம் இருப்பது அம்மாவின் போன். பள்ளி வாட்ஸ்அப் குரூப், மகளிர் குழு குரூப், கேஸ் புக்கிங், ஜிபே எல்லாம் அதே போனில்தான். அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார். வீட்டில் அம்மாவும் அப்பத்தாவும். அப்பத்தாவுக்கு வீடியோ கால் போட்டுத் தருவதும், கரண்ட் பில் கட்டுவதும், அப்டேட் கேட்டால் அழுத்துவதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். நாம் அந்தப் பிள்ளையை 'ஆபத்தில் இருக்கும் சிறுவர்' என்று பார்க்கிறோம். வீட்டில் அவர்தான் தொழில்நுட்ப அதிகாரி. "வீட்டு போனைக் காப்பாத்துற பொறுப்பு உன்னுது" என்று ஆரம்பித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். "நீங்க ஏமாந்துருவீங்க" என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும்.

இரண்டாம் படி: வீட்டை வரையச் சொல்லுங்கள்

தனியுரிமை என்ற சொல்லை ஆறாம் வகுப்பில் விளக்க நான் வேறு எதையும் தேடுவதில்லை. செட்டிநாட்டு வீடு ஒன்றின் அமைப்பைப் பலகையில் வரையுங்கள்: தெருவைப் பார்த்த திண்ணை, முகப்பு, வளவு (நடுமுற்றம்), வளவைச் சுற்றிய அறைகள், இரண்டாம் கட்டு, அடுப்படி. திண்ணையில் வழிப்போக்கர்கூட உட்காரலாம். முகப்பு வரை வியாபாரம் பேச வந்தவர் வரலாம். வளவுக்குள் சொந்தக்காரர். பெட்டகம் இருக்கும் அறைக்குள் வீட்டுக்காரர் மட்டும். அந்த மாதிரி வீட்டில் குடியிருக்காத பிள்ளைக்கும் இது தெரியும். யாராவது ஒரு உறவினர் அங்கே வேலை பார்த்திருப்பார், அல்லது கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறப் போயிருப்பார்.

பிறகு சீட்டுகளைக் கொடுத்து எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள்: பெயர், பள்ளியின் பெயர், யூனிஃபார்ம் தெரியும் படம், பிறந்த தேதி, ஆதார் எண், அம்மாவின் போன் நம்பர், டியூஷன் போகும் நேரம், போன் லாக் பேட்டர்ன், ஜிபே பின். யூனிஃபார்ம் படத்தைப் பாதிப் பேர் திண்ணையில் வைப்பார்கள். அப்போது, "சட்டையில பள்ளிக்கூடத்துப் பேரு இருக்கு, பின்னால பஸ் ஸ்டாப் போர்டு தெரியுது, எத்தனை மணிக்கு எடுத்ததுன்னும் தெரியுது. இப்ப எங்க வைப்ப?" என்று கேட்டு விட்டுவிடுங்கள். விவாதம் தானாக நடக்கும். உங்கள் தீர்ப்பைக் கடைசியில் சொன்னால் போதும்.

இந்த ஊருக்கென்றே இரண்டு உதாரணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, வீடு காலி என்று நாமே அறிவிப்பது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வழிநெடுக ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். குடும்பமே நடந்துகொண்டிருக்கிறது என்றால் வீட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம். பழைய கதவு, தூண், பாத்திரம் என்று எல்லாவற்றுக்கும் விலை இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. பல மாணவர்களின் பெற்றோர், உரிமையாளர் வெளியூரில் இருக்கும் பூட்டிய வீடுகளுக்குக் காவல் பார்க்கிறவர்கள். அந்த வீட்டுக்குள் ரீல்ஸ் எடுத்துப் போட்டால் எந்தக் கதவில் எந்தப் பூட்டு என்பது வரை ஊருக்குத் தெரிந்துவிடும், அப்பாவின் வேலைக்கும் ஆபத்து. யாத்திரைப் படங்களை வீடு திரும்பிய பிறகு போடலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

இரண்டாவது, சுற்றுலாப் பயணிகள். ஆத்தங்குடி, கானாடுகாத்தான் தெருக்களில் கேமராவோடு வருகிறவர்கள் பிள்ளைகளையும் படம் எடுக்கிறார்கள். பெரும்பாலும் நல்ல மனதோடுதான். ஆனாலும் "வேண்டாம்" என்று சொல்ல உரிமை உண்டு என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. வகுப்பில் இருவரை எழுப்பி நடித்துக் காட்டச் சொல்லுங்கள்: ஒருவர் பயணி, ஒருவர் மாணவி. "வேண்டாங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நகர்வதற்குக்கூடப் பழக்கம் வேண்டியிருக்கிறது. அதே உரிமை வகுப்புத் தோழிக்கும் உண்டு, கேட்காமல் அவள் படத்தை குரூப்பில் போடக் கூடாது என்ற இடத்துக்கு இங்கிருந்து எளிதாகப் போய்விடலாம்.

மூன்றாம் படி: ஒரு பீரியடு முழுக்க செட்டிங்ஸ்

மாணவர்கள் பள்ளிக்கு போன் கொண்டுவரக் கூடாது என்பதால், உங்கள் போனையோ ஸ்மார்ட் போர்டையோ வைத்துக் காட்டுங்கள். அன்று மாலை வீட்டில் அவர்கள் செய்துவிட்டு வர வேண்டும். சொல்ல வேண்டியவை அதிகமில்லை.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி போய், புரொஃபைல் போட்டோ, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் மூன்றையும் 'மை கான்டாக்ட்ஸ்' என்று வைக்கலாம். அதே இடத்தில் 'குரூப்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதையும் அப்படியே மாற்றினால் யாரோ ஒருவர் நம்மைக் கண்ட குரூப்பில் சேர்க்க முடியாது. 'அக்கவுன்ட்' பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின் வைக்க வேண்டும். 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இணைந்திருந்தால் லாக் அவுட் செய்ய வேண்டும். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு அப்படியே வருகிறவர்கள் நிறைய. இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே இருக்கிற பிள்ளைகளும் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திட்டுவதைவிட உபயோகமான ஒரு தகவல் உண்டு. சேரும்போது பிறந்த வருடத்தை 2000 என்று போட்ட பையனை இன்ஸ்டாகிராம் பெரியவராகவே நடத்தும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தானாகக் கிடைக்கும் பாதுகாப்புகள் அவனுக்குக் கிடைக்காது. இதைச் சொன்னதும் இரண்டு மூன்று முகங்கள் மாறும். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேக் அணைப்பது, போனுக்கு லாக் போடுவது, ஆப்களை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குவது: இவற்றை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) அழுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதங்களில் எல்லாருக்கும் பத்திரிகை வருகிற ஊர் இது.

நான்காம் படி: பணம்

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்காக என்பதைவிட வீட்டுக்காக எடுங்கள். ஒரே ஒரு விதி மனதில் நின்றால் போதும்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் வேண்டியதில்லை. பின் அடித்தால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று பொருள். பரிசு, கேஷ்பேக், பழைய சோஃபா வாங்குகிறேன் என்று அழைக்கும் ஆள் எந்தக் கதை சொன்னாலும் இந்த ஒரு விதியில் அது உடைந்துவிடும்.

மே மாதம் தேர்வு முடிவு வரும் சமயத்தில் உதவித்தொகை என்று அழைப்பு வரும். மதிப்பெண்ணைச் சரியாகச் சொல்லி, க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று உண்மையான திட்டங்கள் இருப்பதால் பொய்யும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அரசு உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு நேராக வரும். அதற்கு யாரும் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுவது இன்னொன்று. வெளிநாட்டில் மகன் இருக்கும் வீட்டுப் பெரியவர்களிடம், உங்கள் மகன் பெயரில் பார்சல் வந்திருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. இதை அப்பத்தாவுக்குச் சொல்வதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று மறுநாள் கேளுங்கள். இந்தப் பாடத்திட்டத்திலேயே கலகலப்பான பீரியடு அதுதான்.

பையன்களின் கவலை வேறு: போன் விளையாட்டில் காசு போல் செலவழிக்கும் டைமண்டு. "ஐடியும் பாஸ்வேர்டும் குடு, டைமண்டு போட்டுத் தரேன்" என்கிற 'அண்ணன்' எல்லா ஊரிலும் இருக்கிறார். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது என்பதையும் பெரிய வகுப்புகளில் சொல்லிவைக்கலாம்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. அந்த எண்ணைப் பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதிவையுங்கள். வீட்டுக்குப் போய் யோசித்து மறுநாள் கூப்பிட்டால் பணம் நான்கைந்து கணக்கு தாண்டியிருக்கும். சீக்கிரம் சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

ஐந்தாம் படி: படத்தை வைத்து மிரட்டினால்

தயங்கித் தயங்கித்தான் இந்தப் பாடத்துக்கு வருவீர்கள். ஆனால் எட்டாம் வகுப்புக்கு மேல் இதைத் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் எடுப்பதில் பயனில்லை. முடிந்தால் ஓர் ஆசிரியையும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து எடுங்கள். பையன்களுக்கும் கட்டாயம் எடுங்கள். பெண் போலப் பேசிப் பையன்களிடம் படம் வாங்கிப் பணம் கேட்கிற கும்பல்கள் உண்டு. முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஏஐ வைத்துப் பொய்யாகவே நிர்வாணப் படம் செய்கிறார்கள். அதனால் "படம் அனுப்பாமல் இருந்தால் போதும்" என்ற பழைய அறிவுரை இன்று பாதிதான் காக்கும்.

மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். பணம் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடி கேட்பான். இன்னொரு படம் அனுப்பாதே. பேச்சை அழிக்காதே. மிரட்டிய செய்திகளையும், அவன் ஐடியையும், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடு. பிறகு பிளாக் செய். பிறகு சொல். "நீதானே அனுப்பின" என்று யார் கேட்டாலும், குற்றவாளி மிரட்டுகிறவன்தான் என்பதை அவர்கள் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

இனி உங்கள் பங்கு. ஒரு பிள்ளை உங்களைத் தேடி வந்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, அப்பத்தான் சொல்லுவேன்" என்று கேட்கும். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது உங்கள் கடமை. சொல்லாமல் மறைத்தால் 21ஆவது பிரிவில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பும் அதே 19ஆவது பிரிவில் இருக்கிறது. "தெரிய வேண்டிய ஆளுக்கு மட்டும்தான் சொல்லுவேன். உன்னைக் கேட்காமல் வகுப்பில யாருக்கும் தெரியாது. உங்க வீட்டில பேசுறப்ப நானும் கூட இருப்பேன்" என்று சொல்லுங்கள். காப்பாற்ற முடிந்த வாக்கு இவ்வளவுதான்.

படத்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லவே கூடாது. ஆதாரம் என்று நினைத்து ஸ்டாஃப் குரூப்பில் போடுவது அதைவிட மோசம். தலைமையாசிரியருக்கு அனுப்புவதும் அனுப்புவதுதான். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனியாக இறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று ஒரு வழக்கை ரத்துசெய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆகவே படம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். போனைப் பெற்றோருடன் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவதே வழி.

எங்கே போவது என்பதிலும் இந்தப் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் கிடக்கின்றன. பள்ளி ஒரு மாவட்டம், பிள்ளையின் ஊர் அடுத்த மாவட்டம் என்று இருக்கும். எல்லை காரணமாகத் திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவில், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்றே இருக்கிறது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். குழந்தைகள் உதவி எண் 1098 இரவிலும் எடுப்பார்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அது கேட்காது. போனிலேயே படத்துக்கு ஓர் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொண்டு இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும்.

ஆறாம் படி: தப்பு செய்தது நம் பிள்ளை என்றால்

ஆசிரியரின் முகத்தை வைத்து மீம்ஸ், ஒரு மாணவியைத் தவிர மற்ற எல்லாரையும் சேர்த்த குரூப், ஃபேக் ஐடி. பெரும்பாலும் இதைச் செய்தவர்கள் விளையாட்டாகவே நினைத்திருப்பார்கள். மீம்ஸில் இருப்பது நீங்களே என்றால், விசாரணையை வேறொருவரிடம் விடுங்கள். கோபத்தோடு பாடம் எடுக்க முடியாது.

இந்த மாவட்டங்களில் பேசாமல் விடக் கூடாத ஒன்று, சாதிப் பெருமை ஸ்டேட்டஸ். பாட்டு, அரிவாள் படம், எதிர்த் தரப்பைச் சீண்டும் ஒரு வரி. காலையில் ஸ்டேட்டஸில் ஆரம்பித்தது மாலையில் பஸ் ஸ்டாண்டில் முடியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டிய பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். "சாதி பத்தி பேசாதே" என்று வாயடைத்தால் பேச்சு ஸ்டேட்டஸுக்குப் போகும். "இதை அவன் வீட்டு வாசல்ல நின்னு, அவன் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்வியா?" என்று ஒரு மாணவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது வேலை செய்கிறது. எல்லாருக்கும் வேலை செய்கிறது என்று சொல்லமாட்டேன்.

வதந்தி ஃபார்வேர்டுகளுக்குத் தனிப் பீரியடு தேவையில்லை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி எப்போதாவது சுற்றும். அன்றைக்கே எடுத்துக்கொண்டு, இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது, முதலில் எழுதியவர் யார் என்று அனுப்பியவருக்கே தெரியாது என்பதைக் காட்டினால் போதும்.

ஏழாம் படி: பெற்றோர் கூட்டம்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடு வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோளை வையுங்கள்: பிள்ளை வந்து சொன்ன அன்று போனைப் பிடுங்காதீர்கள், அடிக்காதீர்கள். கட்டுப்பாடு வைக்க வேண்டுமென்றால் ஒரு வாரம் கழித்து வையுங்கள். சில அப்பாக்கள் முணுமுணுப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜாக இதையே அனுப்பலாம். அவர்கள் வீடியோ காலில் திட்டுவதுதான் பல வீட்டில் பெரிய பயம்.

கூட்டத்துக்கு அப்பத்தாக்களும் ஆயாக்களும் (இங்கே அம்மாவின் அம்மா) வருவார்கள். மாலை நேரத்தில் பிள்ளையோடு வீட்டில் இருப்பது அவர்கள்தான். போன் இயக்கத் தெரியாதென்று அவர்களை ஒதுக்காதீர்கள். பிள்ளை சாப்பிடாமல் இருப்பதையும், போனைக் கவிழ்த்து வைப்பதையும், ராத்திரி விழித்திருப்பதையும் முதலில் கவனிப்பவர்கள் அவர்களே. அப்படிப் பார்த்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் 1098, 1930, பள்ளி எண் மூன்றையும் ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுத்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

வருடத்தில் இரண்டு சமயம் இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்று, தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். இன்னொன்று, முழுப் பரீட்சை விடுமுறை விடும் நாள். அன்று மாலையிலிருந்து போன் நாள் முழுக்கப் பிள்ளைகளின் கையில்தான். அந்த விடுமுறைக்கு முன்பு, நீங்கள் ஊருக்குப் போனாலும் பள்ளி எண்ணை எடுக்க யார் இருப்பார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு முடிவு செய்து, அந்தப் பெயரை வகுப்பில் சொல்லிவிட்டுப் போங்கள்.